வில்லைக்கு அடியில் ஓர் அங்குலம்

மாதிரிக்காகப் பெற்ற பொருளை நிராகரித்தால், அதற்கான காரணத்தைப் பதினைந்து நாட்களுக்குள் எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். மாதிரியையும் சேதமின்றித் திருப்பித் தர வேண்டும். இது விதி. உங்களில் பலர் என்னைப் போலவே இதைப் பணிக்காலம் முழுவதும் படித்தவர்கள், கீழே இருப்பவர்களுக்கு எடுத்துச் சொன்னவர்கள், வசதிப்பட்டபோது மறந்தவர்கள். நான் இதைப் பணியில் சேர்ந்து கற்கவில்லை. ஆறாம் வகுப்பிலேயே தெரியும். அந்த விதி எங்கள் வீட்டுக்குப் பொருந்தாமல் போன ஆண்டு அது.

செஞ்சியில் அப்போது இருந்த ஓர் அலுவலகம். எது என்று கேட்காதீர்கள். கட்டடம் இப்போது இல்லை. கோப்புகள் எங்கேயாவது இருக்கும். கோப்புகளுக்குச் சாவு கிடையாது என்பது நமக்குத் தெரியாததா?

அங்கே டவாலிகள் பழசாகிவிட்டன. அதிகாரிக்கு முன்னால் நடக்கிற சேவகர் தோளிலிருந்து இடுப்புக்குக் குறுக்காகப் போடுகிற பட்டைதான் டவாலி. மார்புக்கு நேராகப் பித்தளை வில்லை இருக்கும். பல ஊர்களில் துணிப்பட்டை. எங்கள் ஊரில் தோல். இரண்டு தோல்களை ஒட்டித் தைத்தது. பழையவை எல்லாம் ஓரத்தில் பல்லிளித்து, வேர்வையில் ஊறி, போட்டிருப்பவரின் சட்டையில் காவி நிறக் கோடு போட்டுக்கொண்டிருந்தன. பன்னிரண்டு புதிய டவாலிகள் வேண்டும், முதலில் ஒரு மாதிரி கொடு என்று என் நைனாவிடம் சொன்னார்கள்.

நைனா பஸ் நிலையத்துக்கு எதிரே சாக்கை விரித்து உட்கார்ந்து செருப்பும் பெல்ட்டும் செய்தவர். மாதிரி தேறினால் அந்த அலுவலகத்தின் பட்டியலில் அவர் பெயர் ஏறும். பெயர் ஏறினால் சுற்றுச்சுவரை ஒட்டி ஒரு கொட்டகை போட்டுக்கொள்ளலாம், மழையில் சாக்கைச் சுருட்டிக்கொண்டு ஓட வேண்டாம். இன்னொரு பட்டியலும் உண்டு, ஏமாற்றியவர்கள் பட்டியல். அதில் ஏறினால் பக்கத்து ஊர் அலுவலகங்களுக்கும் தாக்கீது போகும். நைனாவுக்கு முதல் பட்டியல் மட்டும்தான் அப்போது தெரிந்திருந்தது.

டவாலி எப்படி இருக்க வேண்டும் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருந்தார்கள். நான்தான் வாசித்துக் காட்டினேன். மூன்றாவது வரி: ‘ஓரம் இணைப்புத் தெரியாமல் வழவழப்பாக இருத்தல் வேண்டும்.’ நான்காவது வரி: ‘இரண்டு அடுக்குத் தோல் என்பது ஆய்வில் புலப்பட வேண்டும்.’ இந்த இரண்டையும் ஒரே மூச்சில் எழுதியவர் யாரோ, நல்ல பதவியில் ஓய்வு பெற்றிருப்பார். நைனா, அம்மா, நான் மூவருக்கும் அன்று அதில் எந்தத் தப்பும் தெரியவில்லை.

வெட்டுவதும் தைப்பதும் நைனா. ஓரம் அம்மாவுடையது. ஆவாரம்பட்டையில் பதப்படுத்திய தோல் பக்கத்து அனந்தபுரம் சந்தைக்கு வரும் வியாபாரியிடம் வாங்கியது. அதற்கு வைக்கோலும் மோரும் கலந்தாற்போல் ஒரு வாசம். ஒட்டிய பட்டையின் ஓரத்தை நைனா கத்தியால் சீவிக் கொடுப்பார். அம்மா அதைத் தொடையில் குறுக்காகப் போட்டுக்கொண்டு, கண்ணாடிச் சில்லால் சுரண்டுவாள். பிறகு உப்புத்தாள். பிறகு புளியங்கொட்டையை வறுத்து இடித்துக் காய்ச்சிய கஞ்சியைத் துணியால் தடவி, ஈரம் பாதி இறங்கியதும் தேய்க்க ஆரம்பிப்பாள். தேய்ப்பது கோலி சோடா பாட்டிலால். கோலி வந்து உட்காருவதற்காகக் கழுத்தில் ஒடுக்கி வைத்திருப்பார்களே, அந்தப் பள்ளத்தில் பட்டையின் ஓரம் அளவெடுத்ததுபோல் பொருந்தும். மேலும் கீழும் இழுக்க இழுக்க ஓரம் சூடேறி, கீச் கீச்சென்று கத்தி, ஒரு கட்டத்தில் கத்துவதை நிறுத்திவிடும். சத்தம் நின்றால் சாயம் பூச வேண்டும். துருப்பிடித்த ஆணிகளை வெல்லத் தண்ணீரில் ஊறவைத்த கறுப்பு. அதன் புளிப்பு நாற்றம் என் பள்ளிப் புத்தகங்களில்கூட இருந்தது. மறுபடி கஞ்சி, மறுபடி பாட்டில். கடைசியில் தேன்மெழுகு. எத்தனை சுற்று என்று நான் எண்ணியதில்லை. அம்மாவும் எண்ணியதில்லை. நகத்தை ஓரத்தில் ஓட்டுவாள், எங்கேயும் தடுக்காவிட்டால் முடிந்தது.

பாட்டில் சோடாக் கடைக்காரருடையது. வாரத்துக்கு ஒருமுறை வாசலில் வந்து நிற்பார்.

“யக்கா, என் பாட்டிலு எப்ப வரும்?”

“வேல முடிஞ்சா வரும்.”

“போன தீபாவளிக்கும் இதயேதான் சொன்ன. தோலத் தேச்ச பாட்டில்ல நான் கலரு ஊத்திக் குடுத்தா எவன் குடிப்பான்?”

“உன் கலருக்கு என் கஞ்சி எவ்ளோவோ மேல். ஊத்திப் பாரு, கூட்டம் நிக்கும்.”

அவர் சிரித்துக்கொண்டே போவார். பாட்டில் போகவில்லை.

ஆவணி மாதம் பள்ளி விடுமுறையாக இருந்த ஒரு நாள், மாதிரியைப் பழைய வேட்டியில் சுற்றி எடுத்துக்கொண்டு போனோம். கூடவே நான் எழுதிய கடிதம். அனுப்புநர், பெறுநர் போட்டு எழுதத் தெரிந்தவள் எங்கள் வீட்டில் நான் ஒருத்திதான். பள்ளியில் விடுப்பு விண்ணப்பம் மட்டும்தான் கற்றுக் கொடுத்திருந்தார்கள். அதனால் டவாலி பற்றிய கடிதம் ‘இப்படிக்கு, தங்கள் கீழ்ப்படிதலுள்ள மாணவி’ என்று முடிந்திருந்தது. அதன் கீழே நைனா கையெழுத்துப் போட்டிருந்தார்.

தலைமை எழுத்தர் மெலிந்த மனிதர். மேசைமேல் வைத்த டவாலியைக் கையால் தொடவில்லை. பென்சில் முனையால் புரட்டினார். ஓரத்தைப் பார்த்தார். மறு ஓரத்தையும் பார்த்தார்.

“இன்னாய்யா இது? ரெண்டு தோலுன்னு தெளிவா எழுதிக் குடுத்தோமே. ஒத்தத் தோலக் கொண்டாந்து வெச்சிருக்க.”

“ரெண்டுதாங்க சார்.”

“எங்க ரெண்டு? காட்டு.”

நைனா குனிந்து பார்த்தார். காட்டுவதற்கு எதுவுமில்லை. அம்மா எதையும் மிச்சம் வைக்கவில்லை.

“உள்ளாற இருக்குதுங்க. வெளியில தெரியாது.”

“தெரியாததுக்கு நான் எப்டிய்யா கையெழுத்துப் போடறது?”

“தையல் இருக்குதுங்களே சார்...”

“தையலு அழகுக்குக்கூடப் போடலாம். வெட்டிப் பாத்துரலாமா?”

“பாருங்க சார்.”

“வெட்டுனா மாதிரி சேதம். சேதமான மாதிரிய ஏத்துக்க விதி இல்ல. போய்யா, யோசிச்சுச் சொல்றேன்.”

பக்கத்தில் நின்ற டவாலிக்காரர், அதாவது அதைப் போட்டுக்கொள்ள வேண்டியவர், ஆறடி ஆள். எங்களோடு வாசல்வரை வந்தார். இருபது வருடம் கதவுக்கு வெளியே நின்றதில் உள்ளே இருக்கிற எல்லா விதியும் அவருக்கு மனப்பாடம். “பதினஞ்சு நாளுல எழுதிக் குடுத்தாவணும், பாப்பா. குடுக்கலன்னா நீ எழுது. வாயால கேட்டா காத்தோட போயிரும்” என்றார். நான் படித்த முதல் நடைமுறை நூல் அவர்தான்.

அன்று மாலை கோட்டை மலையின் நிழல் எங்கள் தெருவுக்கு வந்தபோது நைனா அம்மாவிடம் திரும்பினார்.

“இன்னாத்துக்கு அவ்ளோ தேச்ச? ஒரு எடத்துல கோடு தெரிய வுட்டிருந்தா வேல முடிஞ்சிருக்கும்.”

“கோடு தெரிஞ்சா வேர்வ எறங்கும் மாமா. வேர்வ எறங்குனா பச இளகும். அப்புறம் வாயப் பொளக்கும். அப்ப யாரு செஞ்சதுன்னு கேப்பாங்க. உன் பேரத்தான் சொல்லுவாங்க.”

“இப்ப மட்டும் இன்னா சொல்றாங்களாம்? திருடன்னு சொல்றாங்க.”

மறுநாள் நைனா வேறொரு பட்டையை ஒட்டி, தானே ஓரம் தேய்த்தார். கோடு தெரிய வேண்டும் என்று அவர் தனியாக முயற்சி செய்ய வேண்டியிருக்கவில்லை. அவர் தேய்த்தாலே தெரிந்தது. அம்மா அதை வாங்கி ஒரே ஒருமுறை நகத்தை ஓட்டினாள்.

“இதக் குடு. ஒடனே வாங்கிக்குவாங்க. ஆனா இந்த வூட்டு வேலன்னு மட்டும் சொல்லாத.”

நைனா அதைக் கொடுக்கவில்லை. நாய்க்குக் கழுத்துப் பட்டையாக வெட்டிவிட்டார்.

பதினைந்து நாள் போயிற்று. முதல் நினைவூட்டு எழுதினேன். இன்னொரு பதினைந்து நாள். இரண்டாவது நினைவூட்டு. அதற்குள் சீத்தாப்பழக் காலம் வந்துவிட்டது. மலைச் சரிவிலிருந்து கூடை கூடையாக இறக்கிச் சாலையோரம் குவித்திருப்பார்கள்; தெருவெல்லாம் கறுப்பு விதை. ‘அந்த ஆளு ஏதோ எதிர்பாக்கறாரு’ என்று யாரோ நைனாவிடம் சொல்லியிருக்கிறார்கள். நைனா நல்ல பழமாகப் பொறுக்கி ஒரு கூடை கொண்டுபோய் தலைமை எழுத்தர் வீட்டு வாசலில் வைத்துவிட்டு வந்தார். பழத்தோடு கூடை திரும்பி வந்தது. கொண்டுவந்தவர் டவாலிக்காரர்.

“யோவ், உன்ன யாரு பழம் கொண்டாரச் சொன்னது? ‘குத்தம் இல்லாதவன் எதுக்குய்யா கூடையத் தூக்கினு வரான்? அப்போ ஒத்தத் தோலுதான்’னு சொல்லிட்டாரு அவுரு.”

“நான் மரியாதைக்குக் குடுத்தேம்பா.”

“அவுருக்கு அது தெரியாது. முன்ன ஒரு காண்ட்ராக்டரு இதே மாதிரி பழம் குடுத்துத்தான் ஒத்தத் தோலத் தலையில கட்டிட்டுப் போனான். மேலருந்து மெமோ வந்து, மூணு மாசம் தூங்கல மனுசன்.”

அந்தப் பழங்களை நாங்களே தின்றோம். இத்தனை இனிப்பான அவமானத்தை நான் பிறகு பார்த்ததில்லை. தலைமை எழுத்தரை அன்று முதல் நான் வெறுத்தேன். அவருடையது போன்ற ஒரு நாற்காலியில் நானே உட்கார்ந்து, தெரியாத ஒன்றுக்குக் கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்து மூடிய அன்றுதான், அவர் பயந்துபோயிருந்த மனிதர் என்பது விளங்கியது. நைனா அவரைப் பேராசைக்காரர் என்று நினைத்தார். அவர் நைனாவைத் திருடர் என்று நினைத்தார். கெட்டவர் என்று அங்கே யாரும் இல்லை.

ஐப்பசி மழையில் விஷயம் இன்னும் கெட்டது. மாதிரி டவாலியை டவாலிக்காரர் ‘பாதுகாப்பாக’ வைத்திருந்தார். அதாவது தோளில் போட்டிருந்தார். வெளியூரிலிருந்து வந்த பெரிய அதிகாரி ஒருவர் கோட்டை மலையான ராஜகிரிக்கு மேலே ஏற ஆசைப்பட்டார். டவாலிக்காரர் முன்னால் ஏறினார். பாதிப் படியில் மழை பிடித்துக்கொண்டது. அங்கே ஒதுங்க இடமில்லாமல் இரண்டு மணி நேரம் நனைந்துவிட்டு இறங்கினார்கள். அதிகாரியின் குடை பிய்ந்தது, பூட்ஸ் வாயைத் திறந்தது. டவாலி அப்படியே இருந்தது. டவாலிக்காரரே வந்து சொன்னார்.

“நல்ல செய்திதானே?” என்றார் நைனா.

“இன்னா நல்ல செய்தி? ‘பாத்தியா, ரெண்டு தோலா இருந்தா இந்நேரம் பிரிஞ்சிருக்கும். பிரியல. ஒத்தத் தோலுதான்’னு எங்க ஹெட்கிளார்க்கு கோப்புல எழுதறாரு. அந்த இன்னொரு பட்டியல்ல உன் பேரச் சேக்கலாமான்னு மேல கேக்கப் போறாரு.”

நைனா தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். அம்மா பாட்டிலைத் துடைத்துக்கொண்டிருந்தாள். “எப்ப கேக்கறாராம்?” என்றாள்.

“திங்கக்கெழம.”

“அப்ப வெள்ளிக்கெழம போலாம்.”

வெள்ளிக்கிழமை நான் பள்ளிக்குப் போகவில்லை. (விடுப்பு விண்ணப்பம் கொடுத்திருந்தேன்.) அம்மா ஒயர் கூடையில் சாண் நீளத்துக்கு இரண்டு தோல் துண்டுகள், கொட்டாங்குச்சியில் பசை, கஞ்சி, சாயம், மெழுகு, பாட்டில் எல்லாவற்றையும் அடுக்கிக்கொண்டு அலுவலகத்துக்குள் நேராகப் போய் மேசை முன்னால் நின்றாள். நானும் நைனாவும் வாசல்படியைத் தாண்டவில்லை.

“யாரும்மா நீ?”

“ஓரம் தேய்க்கறவ சார்.”

“எந்த ஓரம்?”

“நீங்க ரெண்டு மாசமா தேடினு இருக்கறீங்களே, அந்த ஓரம்.”

யாரோ ஒரு எழுத்தர் சிரித்துவிட்டு, தும்மியதுபோல் மாற்றிக்கொண்டார். அம்மா இரண்டு துண்டுகளையும் மேசைமேல் வைத்தாள்.

“இது ரெண்டுன்னு தெரியுது இல்ல? இதும்மேல ஒரு கையெழுத்து, அதும்மேல ஒரு கையெழுத்துப் போடுங்க. உள்பக்கமா.”

“தோலு மேல எப்டிம்மா கையெழுத்துப் போடறது?”

“பேப்பருன்னா கிழியும் சார். இது கிழியாது.”

அவர் சுற்றிலும் பார்த்தார். எல்லோரும் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தோல் வழுக்கியதால் இடது கையால் அழுத்திப் பிடித்துத்தான் எழுத முடிந்தது. மைப் பென்சிலால் இரண்டிலும் கையெழுத்துப் போட்டார். தேதியும் போட்டார். அதிலும் நம்பிக்கை வராமல் அலுவலக முத்திரையை எடுத்து இரண்டிலும் ஒரு குத்துக் குத்தினார். முறைப்படி நடந்த ஆய்வு என்று நான் இன்றும் சான்று தருவேன்.

வராந்தாவில் வேலை நடந்தது. பசை தடவி, கையெழுத்தின் மேல் கையெழுத்தை வைத்து மூடி, சுத்தியால் தட்டி, வெயிலில் காயவைத்து, நைனா தைத்தார். பிறகு அம்மா. பாட்டில் கீச்சிட ஆரம்பித்ததும் உள்ளே யாரும் வேலை பார்த்ததாகத் தெரியவில்லை. டவாலிக்காரர் எங்களுக்கு மோர் வாங்கி வந்தார். பிற்பகலில் சத்தம் நின்றது. சாயம், கஞ்சி, மறுபடி சத்தம், மறுபடி அமைதி, மெழுகு.

தலைமை எழுத்தர் அதை வாங்கினார். அவர் கையில் பென்சில் இல்லை. கட்டைவிரலை ஓரம் முழுக்க ஓட்டினார். நகத்தால் கீறினார். ஜன்னலுக்குக் கொண்டுபோய், மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

“எங்கம்மா என் கையெழுத்து?”

“உள்ள இருக்குது சார். வெட்டிப் பாக்கறீங்களா?”

“வேணாம், வேணாம்” என்றார் அவசரமாக. தன் கையெழுத்தை வெட்ட யாருக்குத்தான் மனம் வரும்?

நாங்கள் ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தேன். அவர் நாற்காலியில் உட்கார்ந்து, துண்டை மேசைமேல் வைத்தார்.

“ஆனா ஒண்ணும்மா. இது இந்தத் துண்டுக்குச் சாட்சி. அந்த டவாலிக்கு இது எப்டிச் சாட்சியாவும்?”

அலுவலக வாசல்வரை அழுதுகொண்டே வந்தேன். இன்று கேட்டால், அவர் சொன்னது முழுக்கச் சரி. நானும் அதையேதான் சொல்லியிருப்பேன். என்னைப் பலரும் கல்யாண வீடுகளுக்குக் கூப்பிடத் தயங்குவது இதனால்தான்.

ஆனால் அவரும் எங்கள் பின்னாலேயே வந்தார். வந்து, என்னிடம் தாழ்ந்த குரலில் சொன்னார்: “பாப்பா, திங்கக்கெழம காலையில ஒரு மனு எழுதினு வா. பழைய ரெண்டு கடுதாசியையும் ‘பார்வை’ன்னு போட்டு மேல காட்டு. இன்னிக்கு நடந்தத ஒண்ணுவிடாம எழுது. ஓரம் தேய்ச்சது யாருன்னும் எழுது. அந்தப் பட்டியல் விஷயத்த நிறுத்திட்டு, இத மேல அனுப்பி ஆணை கேக்கறேன். கடேசில மாணவின்னு போடாத.”

எழுதினேன். அம்மாவின் பெயரை அதுவரை எந்தக் காகிதத்திலும் நான் எழுதியதில்லை. எழுத்து கோணலாக வந்ததால் தாளை இரண்டுமுறை மாற்றினேன்.

கார்த்திகை போயிற்று. மார்கழியும் ஏறக்குறைய போயிற்று. நைனா சாக்கை விரித்து, மழை வந்தால் சுருட்டி, வழக்கம்போல் உட்கார்ந்தார். சாண் நீளத் துண்டு தலைமை எழுத்தரின் மேசை இழுப்பறையில் இருந்தது; பின்னால் அவர் மாற்றலாகிப் போனபோது அதையும் எடுத்துப் போய்விட்டார் என்று கேள்வி. அவர் கையெழுத்து, அவரிடம் இருப்பதுதான் நியாயம். சோடா பாட்டில் மறு வருடம் கைதவறி உடைந்தது. அதற்குள் இருந்த கோலியை நான் வெகுகாலம் வைத்திருந்து, எனக்கு வந்த ஏதோ ஒரு மாற்றல் உத்தரவில் தொலைத்தேன்.

பழைய பாயும் துடைப்பமும் தெருவில் எரிந்துகொண்டிருந்த காலையில், தபால்காரர் புகைக்குள்ளிருந்து வந்து ஒரு பழுப்பு உறையை நீட்டினார். நைனா அதைக் கையில் வாங்காமல், என்னிடம் கொடுக்கச் சொன்னார். நான் நின்றபடியே வாசித்தேன். ‘மாதிரி ஏற்கப்படுகிறது. பன்னிரண்டு எண்ணிக்கை செய்து வழங்கவும். வழங்குபவர் பெயர் பட்டியலில் சேர்க்கப்படுகிறது. ஓரப் பணி, அதைச் செய்பவரைக் கொண்டே நேரில் செய்விக்கப்பட்டு, ஐயமின்றி உறுதி செய்யப்பட்டது.’ அங்கே அம்மாவின் பெயர் தட்டச்சில் இருந்தது. ‘எனினும், இனி வரும் டவாலிகளில் ஆய்வுக்காக ஓர் அங்குல நீளம் ஓரம் தேய்க்காமல் விடப்பட வேண்டும்.’

நைனா முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டே இருந்தார், புகை என்றார். நான் அம்மாவைப் பார்த்தேன். அந்தக் கடைசி வரிக்குச் சண்டை வரும் என்று பயம்.

“ஒரு அங்குலமா?” என்றாள். கட்டைவிரலால் அளந்து பார்த்தாள். “வில்லைக்கு அடியில வுட்டுரலாம். அங்க வேர்வ போவாது.” பிறகு, “என் பேரு இருக்கற வரிய இன்னொருவாட்டி படி.”

படித்தேன். இன்னொரு தடவையும் படித்தேன்.

“தேதி இன்னா போட்டிருக்குது?”

கார்த்திகையில் ஒரு தேதி போட்டிருந்தது. மேசையிலிருந்து எங்கள் தெருவுக்கு வர அதற்கு ஒரு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது.

“அது அவங்க எழுதுன தேதி. நம்ம கைக்கு வந்தது என்னிக்குன்னு பின்னால எழுதி வை. நாளைக்கு எவனாவது கேப்பான்.”

உறையைத் திருப்பி, சுவரில் வைத்து, பென்சிலால் எழுதினேன்: வந்து சேர்ந்தது, மார்கழிக் கடைசி நாள், போகி.